புளிக்கும் ஓர் அறை

அஞ்சறைப் பெட்டியின் பக்கத்தில் புளி உருண்டை வந்து நின்றது, வழக்கம்போல.

"நான் இல்லாமல் ரசம் உண்டா, சாம்பார் உண்டா? ஆனால் வீடு மாறும்போது பெட்டி மட்டும் மடியில் போகிறது. ஜாடியில் கிடக்கும் என்னை மறந்துவிடுகிறார்கள். எனக்கும் ஓர் அறை கொடுங்கள்."

"உன் உடம்புக்கு ஓர் அறை எந்த மூலைக்கு, தாயே?" என்றது கடுகு. "உன் ஈரம் வேறு எங்களுக்கு ஆகாது. கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறாய்?"

"உள்ளே இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்."

இதையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போன சீரகம், "வந்து தொலையட்டும், விடேன். இந்தப் புலம்பலாவது நிற்கும்," என்றது. வெந்தயம் கடுகோடு ஒண்டிக்கொண்டு இடம் விட்டது.

புளி உள்ளே வந்தது. பெட்டியை மூட முடியவில்லை. கொஞ்ச நாளில் கடுகு ஈரம் கோத்து, எண்ணெயில் வெடிக்காமல் கருகியது.

வீட்டுக்காரி முகம் சுளித்தாள். பெட்டியை அப்படியே பரணில் ஏற்றினாள். அடுப்பருகே ஒரு சின்ன டப்பாவில் புதுக் கடுகும் சீரகமும் வந்து உட்கார்ந்தன.

பரணில் புளி திருப்தியாகச் சாய்ந்துகொண்டது. "ஒருவழியாகப் பெட்டிக்குள் வந்தாயிற்று."

கீழே புதுக் கடுகு படபடவென்று வெடித்தது.