கடைவாய்ப் பல்

மாரிக்கனி நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

காற்று நேராகக் கடைவாய்ப் பல்லில் போய் இறங்கியது.

கபடி. கபடி. கபடி.

ஆட்டத்தின் கடைசிப் பாட்டு. இவள் அணி ஒரு புள்ளி பின்னால் நிற்கிறது. எதிரணியில் இரண்டு பேரைத் தொட்டு, மூச்சு விடாமல் பாடியபடியே கோட்டுக்குத் திரும்பிவிட்டால் வெற்றி. ஓரத்து நாற்காலியில், காவல்துறை அணிக்கு ஆள் எடுக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். அவர் விரல் நீட்டும் பெண்ணுக்குக் காக்கிச் சட்டை, வேலை, எல்லாம்.

மாரிக்கனிக்கு மூன்று நாளாக வலது கன்னம் வீங்கியிருந்தது. கிராம்பை வைத்து அடக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயிற்சியாளர் ஜெபமணி சார் ஆட்டத்தில் இறக்க மாட்டார். பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் அவருக்குத் தாங்காது.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று ஊர் சொல்லும். கடிக்க முடிந்தால் இவள் ஏன் இப்படித் தவிக்கப்போகிறாள்?

கபடி. கபடி.

இடது ஓரத்தில் நின்றவளின் தோளைத் தட்டினாள்.

காலைப் பிடிக்கப் பாய்ந்தாள் இன்னொருத்தி. துள்ளித் தாண்டும்போது அவள் முதுகில் குதிகால் உரசியது. அதுவும் ஆயிற்று.

கோடு எட்டும் தூரத்தில் இருந்தது.

கபடி. கபடி. கப—

வலி காதுக்குள் ஏறி மண்டையில் வெடித்தது. தாடை தானாக மூடிக்கொண்டது. ஒரே ஒரு கணம்.

நடுவர் விசிலை ஊதினார். பாட்டு அறுந்துவிட்டது.

சுற்றுவட்டாரத்தில் இவள் பாட்டு தெரியாத ஆள் கிடையாது. குரல் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவார்கள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இவளுக்குப் பல் இருக்கும்போதே போயிற்று.

பாவம், வாயைத் திறந்து அழக்கூட முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

முதலுதவி மேசையில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். வலது பக்கம் மட்டும் வரிசையாகக் கறுத்திருந்தது.

"ஒரே பக்கமா இவ்வளவு சொத்தையா? அந்தக் கன்னத்துல என்னம்மா அடக்கி வைப்ப?"

அதற்குள் ஜெபமணி சார் மூச்சு வாங்க ஓடி வந்து நின்றார்.

தொண்டை வறண்டால் பாட்டு அறுந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. அதனால் பயிற்சிக்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் தன் கையாலேயே ஒரு துண்டு கருப்பட்டி போட்டுவிடுவார். வலது கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓட வேண்டும். கரைந்தால் அடுத்த துண்டு. நல்ல கருப்பட்டிக்காக உடன்குடிவரை பஸ் ஏறிப் போகிற மனுஷன். மாரிக்கனி சின்ன வகுப்பில் இருந்தே அதை அடக்கி வளர்ந்தவள். மூன்று நாள் வீங்கிய கன்னத்தை யாரும் கவனிக்காமல் போனதும் அதனால்தான்.

சொன்னால் சார் உடைந்துபோவார். ஒன்றுமில்லை என்று தலையாட்டப் போனாள்.

அவருக்குப் பின்னால் ஜூனியர் பிள்ளைகள் நின்றார்கள். அடுத்த ஆட்டம் அவர்களுடையது. எல்லோருக்கும் வலது கன்னம் உப்பியிருந்தது.

மாரிக்கனி தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கருப்பட்டி, டாக்டர். சார் குடுக்கது."

டாக்டர் டார்ச்சை அணைத்தார்.

சார் அவள் கன்னத்தையே பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. பிறகு திரும்பி, வரிசையில் கடைசியாக நின்ற சின்னவளிடம் போனார். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார்.

"துப்பிருட்டி."

அவள் துப்பவில்லை. எந்தத் தப்புக்கு இந்தத் தண்டனை என்று தெரியாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

நீட்டிய கையை அவர் எடுக்கவில்லை.