எதிர்மலையில் பனி

குளிர்காலம் முடியப்போகிறது, இனி பனி கொட்ட வாய்ப்பில்லை என்று வானிலை ஆர்வலர் குழுவில் ஜெசிந்தா எழுதியதுமே, எதிர்மலையிலிருந்து பெலிக்ஸ் போன் செய்தார். தனிக்கட்டை. புயல் வந்தால் முதலில் அவளிடம்தான் சொல்வார்.

“இங்க கொட்டுதும்மா. ஜன்னலை மூடிருச்சு. கதவைத் திறக்க முடியல.”

ரேடாரில் மேகமே இல்லை. எதிர்மலையில் அவர் வீட்டுக் கூரை வெயிலில் மின்னியது.

“விளையாடாதீங்கண்ணே.”

பதிலுக்கு அவர் பற்கள் தந்தியடிக்கும் சத்தம்தான் கேட்டது. போனை வைக்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

முற்றம் காய்ந்து கிடந்தது. தொட்டதும் கதவு திறந்தது. உள்ளே யாருமில்லை.

“அண்ணே, உங்க வீட்டுக்குள்ளதான் நிக்கிறேன்.”

“ஆமா, உன் காலடிச் சத்தம் தலைக்கு மேல கேக்குது. தோண்டும்மா.”

வெயில் விழுந்த வெறுந்தரையில் மண்டியிட்டு, ஜெசிந்தா இரு கைகளாலும் அள்ளத் தொடங்கினாள். விரல்கள் விறைத்தன.