இன்னும் நேரமாகலையே

சிரியப் படை எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தது.

தொட்டி மட்டுமா? ஜன்னல், குழாய், மின்கம்பி, தரைக்கல். சுவரிலிருந்த ஆணிகளைக்கூடப் பிடுங்கினார்கள். ஆணி இருந்த ஓட்டைகளைத்தான் விட்டுவைத்தார்கள். அதுவும் லாரியில் இடம் போதாததால்.

எனக்கு வருத்தமே இல்லை. பின்னால் இருக்கும் மலையையும் சுருட்டிக்கொண்டு போகட்டும். போனால் போதும்.

2005 ஏப்ரல் அது. மாதக் கடைசிக்குள் லெபனானை விட்டுப் போய்விடுகிறோம் என்று டமாஸ்கஸ் உலகத்துக்கே வாக்குக் கொடுத்திருந்தது. பெய்ரூட்டில் கொடி பிடித்த கூட்டமும் அமெரிக்காக்காரனும் பிரான்ஸ்காரனும் சேர்ந்து தள்ளியதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

சுத்தப் பொய். தள்ளியவள் என் மனைவி நஜ்லா. இருபத்தொன்பது வருஷமாகத் தினம் காலையில், அவர்கள் பிடித்துக்கொண்ட எங்கள் வீட்டைப் பார்த்து நின்று சாபம் விட்டாள். அந்தச் சூட்டில் எங்கள் கொடியில் திராட்சை ஊருக்கு முன்னால் பழுத்துவிடும்.

சாபம் விட வசதியான தூரத்தில்தான் குடியிருந்தோம். சொந்தத் தோட்டத்து மூலையில், வெங்காயம் போட்டுவைக்கும் கொட்டகையில். மூன்று பிள்ளைகளை அங்கேதான் வளர்த்தோம். மூவரும் எங்கள் சமையலறையை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள்.

இத்தனை வீடு இருக்க ஏன் எங்கள் வீடு? மேட்டில் இருக்கிறது, டமாஸ்கஸ் சாலை வளைவு வளைவாகத் தெரியும். கேட்பவர்களுக்கெல்லாம் நான் அதைத்தான் சொல்வேன்.

அன்று எல்லாம் கேப்டன் கைஸின் கையில் இருந்தது. இரண்டாவது லாரி வரவில்லை. கிளம்புவதா, இன்று ராத்திரி தங்கிக் காலையில் பார்ப்பதா என்று வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தார்.

எங்கள் நாட்டில் ஒரு ராத்திரி என்றால் எவ்வளவு நீளம் என்று எனக்கும் நஜ்லாவுக்கும் நன்றாகத் தெரியும்.

அவள் வேலியோரம் விளக்குமாற்றோடு நின்றாள். என்னை வாயே திறக்கக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். சொன்னால் கேட்பவனா நான்? அதனால் வறுத்த பூசணி விதை ஒரு பை நிறையக் கையில் திணித்திருந்தாள், வாய்க்கு வேலை இருக்கட்டும் என்று.

பை காலியான நேரம் பார்த்துக் கேப்டன் எழுந்தார். எல்லாவற்றையும் ஒரே லாரியில் திணியுங்கள், போகலாம் என்றார்.

சிப்பாய்கள் எங்கள் தொட்டிக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தார்கள்.

கேப்டன் நேரே எங்களிடம் வந்தார். சும்மா சொல்லக்கூடாது, பெற்றவள் ஒழுங்காக வளர்த்த பிள்ளை. நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, நாங்கள் கிளம்புகிறோம், ஏதாவது தொந்தரவு கொடுத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இங்கேதான் என் நாக்கு என்னைக் கேட்காமல் வேலை செய்தது.

எங்களூரில் வந்தவர் எழுந்தால் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம் உண்டு. அதைச் சொல்லாதவனை மனிதக் கணக்கில் சேர்க்க மாட்டோம். என் அத்தை, கடைசி ஜெபம் முடித்து எழுந்த பாதிரியாரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் உயிரையே விட்டாள். அப்படிப்பட்ட குடும்பம்.

"என்ன அவசரம்? இன்னும் நேரமாகலையே. இருந்துட்டுப் போலாமே."

எங்கள் பெக்கா சமவெளியில் காற்று நின்றது. எதிர் மலைச்சரிவில் மேய்ந்த ஆடுகள் மெல்லுவதை நிறுத்தின. லாரியின் மேலிருந்த ஒரு சிப்பாய் சந்தோஷமாக மெத்தையை இறக்கவே ஆரம்பித்துவிட்டான்.

நஜ்லா என்னைப் பார்க்கவில்லை. விளக்குமாற்றின் பிடியைப் பார்த்தாள். அது இன்னும் மோசம்.

கேப்டன் வானத்தைப் பார்த்தார். உண்மையிலேயே நேரமாகவில்லை. மேற்கு மலைக்கு மேல் வெயில் வேண்டிய மட்டும் மிச்சமிருந்தது. திரும்பி வீட்டைப் பார்த்தார். மல்பெரி மரத்து நிழலைப் பார்த்தார். அவருடைய வலது கால் எங்கள் பக்கமாக ஓர் அங்குலம் நகர்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

பிறகு அவர் அம்மா வளர்த்த வளர்ப்பு ஜெயித்தது. கிளம்புகிறவர் சொல்ல வேண்டிய பதிலை, ஒரு சொல் பிசகாமல் சொன்னார்.

"வந்து போனதைவிட இனி வரப்போறதுதான் அதிகம், பெரியப்பா."

பிறந்ததிலிருந்து லட்சம் தடவையாவது கேட்ட பதில். அன்றுதான் எனக்கு அதன் அர்த்தம் புரிந்தது.

லாரி மேட்டிலிருந்து இறங்கியது. டமாஸ்கஸ் சாலையில் ஏறியது. கடைசி வளைவில் எங்கள் தொட்டி ஒரு தடவை வெயிலில் மின்னியது. பிறகு சாலை மட்டும் இருந்தது.

கீழே ஊரில் தேவாலய மணி அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள்.

நஜ்லா உள்ளே போனாள். நானும் பின்னாலேயே போனேன். சமையலறையில் தொட்டி இருந்த இடத்தில், வெறும் சிமெண்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"எழுபத்தாறுல முதல் கேப்டன் வந்தானே, வழி கேட்டு. ஒரு காபி குடிச்சிட்டு அவன் எழுந்தப்பவும், மனுஷா, நீ இதையேதான் சொன்னே."