கவுன்சிலரின் கை

வார்டில் தினமும் தொண்டு செய்யப் போவது கவுன்சிலர் பூங்கோதை அல்ல, அவளைப் போலவே இருக்கும் இயந்திரம். இது யாருக்கும் தெரியாது. அன்று அது பழுதாகிவிட்டதால், படுக்கையில் கிடக்கும் செல்லத்தாயின் வீட்டுக்கு முதல்முறையாக அவளே போனாள்.

"வா தாயி, தலையைச் சீவி விடு."

பூங்கோதை சீப்பை வைத்து இழுத்ததும் செல்லத்தாய் அலறினாள். முடிக்குள் புண் இருந்தது.

"தெனமும் புண்ணுல படாமத்தானே சீவுவ? நேத்து தெருவிளக்கு எரியலன்னு கொறை சொன்னேனே, அந்தக் கோவமா? இனிமே சொல்ல மாட்டேன் தாயி."

'அது நான் இல்லம்மா' என்பது பூங்கோதையின் தொண்டைவரை வந்தது.

"விளக்கு நாளைக்கே எரியும்மா" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது.