அத்தானின் ஆகாயக் கணக்கு

உலகில் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும், இடையில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று அத்தான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். விமானிகளே அவரைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள் என்று தோன்றும்.

இன்று விமான நிலைய வாசலில் இருந்த காப்பிக் கடையில் மச்சான் அவரிடம் மாட்டிக்கொண்டான்.

"நாலாயிரம் கிலோமீட்டர்டா மச்சான். அஞ்சு மணி நேரம் போதும்."

"டிக்கெட்ல அஞ்சரைன்னுல்ல போட்டிருக்கான், அத்தான்?"

"அவன் கிடக்கான். பின்னாடியிருந்து காத்து தள்ளுமே, அதை யாரு கணக்குல சேக்கறது?"

தலைக்கு மேலே ஒரு விமானம் உறுமிக்கொண்டு ஏறியது. அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தியா? டயம்னா டயம்."

மச்சானின் போன் அடித்தது. அக்கா, அந்த நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து.

"ஏண்டா, ஃபிளைட் கிளம்பிடுச்சா?"

"இப்பதான் கிளம்புச்சுக்கா. அஞ்சு மணி நேரத்துல அங்க வந்துடுமாம்."

"அப்ப நான் ஏர்போர்ட்டுக்கே வந்துடறேன்."

மச்சான் போனைக் கையால் பொத்தினான். "அத்தான், உங்களைக் கூட்டிட்டுப் போக அக்கா ஏர்போர்ட்டுக்கு வர்றாளாம். நீங்களே பேசறீங்களா?"

அத்தான் காலிக் கோப்பையை மறுபடியும் ஒருமுறை உறிஞ்சினார்.

ஒரு மணி நேரத்துக்கு முன்பு உள்ளே செக்-இன் கவுண்டரை மூடியபோது, அவர் இங்கே பின்காற்றை விளக்கிக்கொண்டிருந்தார்.