கடைசி வளைவு

உலகில் எங்குமே பனி விழாமல் போனபின், பனிச்சறுக்குப் போட்டி பரமக்குடிக்கு வந்தது. வெயிலில் மின்சாரம் எடுத்து, பெரிய கூரைக்குள் பனிமலை கட்டியிருந்தார்கள். போட்டி முடிந்ததும் அது உருகிக் குடிநீராகும். எந்த வளைவின் பனி எந்தத் தெருவுக்கு என்று நகராட்சி கோடு போட்டுவிட்டது. கீழே பெண்கள் குடங்களோடு காத்திருந்தார்கள். “எவ்வளவு ரசிகைகள்!” என்றார் நார்வே நடுவர்.

முதலாவதாக வந்துகொண்டிருந்த உள்ளூர் வீராங்கனை முனீஸ்வரி, கடைசி வளைவில் மெல்ல ஊர்ந்து நான்காவதாக முடித்தாள்.

“ஏம்மா, கையில இருந்த தங்கம் போச்சே?” என்றார் பயிற்சியாளர்.

“அது எங்க தெரு வளைவு சார். வேகமாத் திரும்பினா பனி பூரா பக்கத்துத் தெருவுக்குத் தெறிச்சிரும். அந்தா, எங்கம்மா ரெண்டு குடத்தோட உக்காந்திருக்கு. தங்கத்தோட போனா வீட்டுக்குள்ள விடுமா?”