கை கொடுக்காதவர்

சர்ச் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்த போதகர் ரென், லான்ஃபென் அருகே வந்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினொரு வாரமாக இதே கதைதான்.

"கைதி பொண்டாட்டின்னா தீட்டாக்கா? மேலிடத்துக்குப் பயந்து சாகுற கோழை!" என்று லான்ஃபென் பொருமினாள்.

"மெதுவாப் பேசு தங்கச்சி" என்றாள், சர்ச் அலுவலகத்தில் தேநீர் கொடுக்கும் கெங் அக்கா.

அரசாங்க அனுமதியில்லாமல் வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தியதற்காக லான்ஃபென்னின் கணவன் ஷௌகுவாங் சிறையில் இருந்தான். கூட்டத்துக்கு வந்தவர்கள் மூலைக்கொருவராய் ஒளிந்துகொண்டார்கள். பொத்தான் தொழிற்சாலை விட்டு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. தனியாகப் பாடிப் பார்த்தாள். இரண்டாவது அடியிலேயே நிறுத்திவிட்டாள்.

அதனால்தான் 'அரசாங்க சர்ச்' என்று அவன் கேலி செய்த இந்த இடத்துக்கே வந்தாள். பிரசங்கத்தில் பாதி ஆளும் கட்சியின் பெருமை. போகட்டும், நூறு குரலோடு சேர்ந்து பாடவாவது முடிந்தது.

அடுத்த ஞாயிறு வாசலில் புதிய போதகர் நின்றார். அவள் கைகள் இரண்டையும் பற்றிக்கொண்டார்.

"வாங்க சகோதரி லான்ஃபென்! பாவம், தனியா இருக்கீங்களாமே? உங்க வீட்டுக் கூட்டத்துக்கு வந்தவங்களையும் கூட்டிட்டு வாங்க. பேரைச் சொல்லுங்க, நானே போய்க் கூப்பிடுறேன்."

அவள் பெயரை ஒருவர் அன்பாகச் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! கண் நிறைந்துவிட்டது. முதல் பெயர் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

"அடியேய், அடுப்பை அணைச்சியா இல்லையா?" கெங் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள்.

"என்னக்கா இது? இந்த மனுஷனாவது அன்பா பேசினாரே!"

"உன் பேரை நீ அவர்கிட்ட சொன்னியா?"

லான்ஃபென் சர்ச் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரென் போதகர்… எங்கேக்கா?"

"வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. யாரோ போட்டுக் கொடுத்துட்டான்."

"அவர் என்ன தப்பு பண்ணினார்?"

"வாரா வாரம் அதிகாரிங்க வந்து 'ஷௌகுவாங் பொண்டாட்டி இங்க வர்றாளா, பிடிச்சு விசாரிக்கணும்'னு கேட்பாங்க. நான் தேநீர் ஊத்திக்கிட்டே நிப்பேன். பதினொரு வாரமும் மனுஷன் ஒரே பதில்தான் சொன்னார்: 'அப்படி ஒரு பொண்ணை நான் பார்த்ததே இல்லை.'"